நைனா என்று எழுதிய வரி

புதன்கிழமை காலை 11.25க்குச் சித்தூர் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். தோள்பையில் மாற்றுத்துணி நான்கு நாளுக்கு, பருத்திக் கையுறை ஒரு ஜோடி, உருப்பெருக்கிக் கண்ணாடி, மில்லிமீட்டர் அளவுகோல், அமிலம் சேராத காகித உறைகள் நாற்பது. அமெரிக்காவிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைப் பார்க்க. அதுவும் பாதி நோட்டு. மீதிப் பாதி திருப்பதியில் இருந்தது.

ஆட்டோக்காரரிடம் மாங்காய் மண்டி என்றேன். "எந்த மண்டி? இந்த மாசம் ஊரே மண்டிதான்" என்றார். ஜூன் மாதச் சித்தூரை அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. வழி நெடுக டிராக்டர்கள். எல்லாவற்றிலும் கிளிமூக்கு மாங்காய் குவியல். காற்றிலேயே ஒரு புளிப்பு இருந்தது. மூன்றாவதாகப் போன மண்டியில்தான், அந்த நோட்டை வைத்திருந்த தேவகி அம்மாள் கிடைத்தார்.

அவருக்கு வயது அறுபத்தேழு. எடைமேடைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகைக்குள் நின்றபடி, வந்துபோகும் வண்டிகளின் எடையைச் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருடமாக அதே வேலை. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அமெரிக்கா சாரா? சீசன் சார். இன்னிக்கு ஒரு பேச்சும் நடக்காது. நாளைக்கு மத்தியானம் ஊட்டுக்கு வாங்க. சங்கட்டி துன்னுவீங்களா?"

துன்னுவேன் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். நான் கோவில்பட்டிக்காரன், அந்தச் சொல் என் வாயில் பொருந்தவில்லை போலிருக்கிறது.

இங்கே வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வசிக்கும் அமெரிக்க நகரத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகம் உண்டு. பேஸ்பாலில் வெள்ளையரோடு சேர்ந்து ஆட இடம் கிடைக்காத கறுப்பின ஆட்டக்காரர்களின் வரலாற்றைச் சேர்த்துவைக்கும் இடம். சனி, ஞாயிறுகளில் அங்கே ஆவணங்களுக்குப் பட்டியல் எழுதுகிறேன். கறுப்பர்களை ஆடவிடக் கூடாது என்று அன்றைய பெரிய அணிகளின் விதிப் புத்தகத்தில் ஒரு வரிகூட இருக்கவில்லை. முதலாளிகளுக்குள் ஒரு புரிதல் இருந்தது, அவ்வளவுதான். அது பல பத்தாண்டுகள் நீடித்தது. கறுப்பர்கள் தங்களுக்கென்று அணிகள் தொடங்கினார்கள், சம்பளம் கொடுத்தார்கள், போட்டித் தொடர்கள் நடத்தினார்கள். ஊர் ஊராகப் பேருந்தில் போய் ஆடினார்கள். வெள்ளையர் ஊர்களின் விடுதிகளில் அறை கிடைக்காததால் பல இரவுகள் அந்தப் பேருந்திலேயே படுத்தார்கள். வெள்ளையர் நடத்திய செய்தித்தாள்கள் பெரும்பாலும் அந்த ஆட்டங்களை எழுதவில்லை. கறுப்பர்கள் நடத்திய வார இதழ்கள் தங்களால் முடிந்ததை எழுதின. பிற்காலத்தில், அந்த ஆட்டங்களையும் கணக்கில் சேர்க்கலாமே என்று கேட்டபோது, பதிவுகள் சரியாக இல்லையே என்று பதில் வந்தது. பதிவு செய்யாமல் விட்டவர்களே சொன்ன பதில் அது. சமீப வருடங்களில்தான் கிடைத்தவரை தேடி எடுத்து, தொடர் ஆட்டங்களை அதிகாரப்பூர்வக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்.

எங்கள் அருங்காட்சியகத்துக்கு மாதம் ஒருமுறை வருபவர் டோரதி அம்மாள். எண்பதைத் தாண்டியவர். அவருடைய அப்பா அப்படியொரு அணியில் பந்து வீசியவர், இடது கைக்காரர். அணியிலேயே மூத்தவர் என்பதால் எல்லோரும் 'பாப்ஸ்' என்று கூப்பிடுவார்கள். நம் ஊரில் அப்பா என்று கூப்பிடுவது மாதிரி. இரண்டாம் உலகப் போரில் அவரைப் பட்டாளத்தில் எடுத்து, அஸ்ஸாமிலிருந்து பர்மாவுக்குச் சாலை போட அனுப்பினார்கள். பட்டாளத்திலும் கறுப்பருக்குத் தனிப் பிரிவுதான். அங்கிருந்து அவர் வீட்டுக்கு எழுதிய ஒரே ஒரு கடிதம் மிஞ்சியிருக்கிறது. அதில் ஒரு வரி: "ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறோம். இங்கே ஓர் இந்தியக் குமாஸ்தா எல்லாவற்றையும் எழுதி வைக்கிறான், ஒரு பந்தையும் விடுவதில்லை."

"அப்பாவைப் பாராட்டி எத்தனையோ பேர் பேசிவிட்டார்கள். எனக்கு ஓர் எண் வேண்டும்" என்று டோரதி அம்மாள் என்னிடம் சொல்லியிருந்தார். "எத்தனை பேரை ஆட்டமிழக்கச் செய்தார், அந்த எண்."

தேவகி அம்மாளுக்கு எதிர்வீட்டில் குடியிருக்கும் விளையாட்டு ஆசிரியை ஒரு பழைய நோட்டின் ஒரே ஒரு பக்கத்தைப் படம் எடுத்து இணையத்தில் போட்டு, இது பேஸ்பால்தானே என்று கேட்டிருந்தார். அந்தப் பக்கம் தமிழில் இருந்தது. ஒன்பதாவது பெயர்: நைனா.

வியாழன் பகல் 12.50. ராகி சங்கட்டி என்பது களியின் உறவு. உருண்டையின் நடுவில் குழி செய்து வேர்க்கடலைச் சட்னியை ஊற்றியிருந்தார். பக்கத்தில் நாட்டுக்கோழிக் குழம்பு. நான் மென்று தின்னப் பார்த்தேன்.

"மெல்லக்கூடாது சார். கிள்ளி, தொட்டு, முழுங்கணும். பல்லுக்கு வேலையே இல்ல."

மூன்றாவது கவளத்தில் பழகிவிட்டது. கோவில்பட்டியில் கம்மங்களியை மோரில் கரைத்துக் குடிப்போம். அதற்கும் பல் வேண்டியதில்லை. இதைச் சொன்னபோது, "அப்ப மெல்றதெல்லாம் அமெரிக்காவுல கத்துக்கினதா?" என்று கேட்டார்.

சாப்பிட்டுக் கை கழுவி, ஈரம் போக ஐந்து நிமிடம் காத்திருந்து, கையுறை போட்டுக்கொண்டேன். தேவகி அம்மாள் அதை வேடிக்கை பார்த்தார். பிறகு அரிசி டின்னுக்கு மேலிருந்து ஒரு புடவைத்துணி மூட்டையை எடுத்து அவிழ்த்தார்.

பட்டாளத்துக் கணக்கு நோட்டு. 33 சென்டிமீட்டர் உயரம், 21 அகலம். முதுகில் கத்தியால் அறுத்த தடம் நேராக இருந்தது.

"பாகம் பிரிச்சோம்" என்றார். "நைனா போனப்ப இருந்தது ஒரு ஊடு, ஒரு நோட்டு. ஊடு ரெண்டா பிரிஞ்சது, நோட்டும் ரெண்டா பிரிஞ்சது. முன்பாதி எனக்கு. பின்பாதி என் தம்பி முனிரத்தினத்துக்கு, திருப்பதியில. நான் ரொம்ப நாளு இது ஏதோ எடைக் கணக்குன்னு நெனச்சுக்கினு இருந்தேன். ஒன்பது வரி, ஒன்பது கட்டம். யாரோ ஒன்பது பேரு மூட்டை கொண்டாந்து போட்ட மாதிரி."

அவருடைய அப்பா ஜெயவேலு அப்போது இருபத்திரண்டு வயதுக் குமாஸ்தா. அஸ்ஸாமில் பட்டாளத்துக் கிடங்கில் வேலை. முதல் பக்கத்தைத் திறந்தேன். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பென்சிலால், பேஸ்பால் ஆடுகளத்தைப் போலவே நான்கு மூலைகொண்ட ஒரு சின்ன வைரவடிவம்; ஆட்டக்காரர் எந்த மூலை வரை ஓடினாரோ அதுவரை அழுத்தமான கோடு. நாங்கள் போடும் அதே முறை. வேறுபாடு ஒன்றுதான். மூன்று முறை தவறவிட்டு ஆட்டமிழந்தவருக்கு ஆங்கிலத்தில் 'கே' எழுத்தைப் போடுவது வழக்கம். மட்டையைச் சுழற்றாமலே நின்று அவுட் ஆனால் அதையே திருப்பிப் போடுவார்கள். ஜெயவேலு 'க' போட்டிருந்தார். சுழற்றாமல் நின்றவர்களுக்கு, கண்ணாடியில் தெரிவது போல் திரும்பிய க.

பெயர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆட்டக்காரர்களின் பட்டப்பெயர் புரிந்தால் தமிழாக்கிவிடுவார், புரியாவிட்டால் கேட்டபடி எழுதிவிடுவார். ஒல்லி. நெட்டை. ஊமை. டெக்சஸ். சிவப்பு. ஒன்பதாவதாக நைனா. அந்தப் பெயருக்கு எதிரே சிறிய எழுத்தில் 'இடது'.

"அதுதான் சார்" என்று தேவகி அம்மாள் விரல் வைத்தார். நான் அந்த விரலைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னேன். "எங்க நைனா. கறுப்பு சோல்ஜருங்களோட பந்து போட்டேன், போட்டேன்னு சாவுற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு, பாவம். ஊர்ல ஒருத்தரும் நம்பல. ரீலு ஜெயவேலுன்னுதான் பேரு. டீக்கடையில, 'ரீலு, இன்னிக்கு எத்தனை பந்து?'ன்னு கேப்பானுங்க. தன் பேரைத் தானே எழுதக்கூடாதுன்னு நைனான்னு எழுதி வெச்சிருக்காரு பாருங்க."

நைனா என்றால் அப்பா. பாப்ஸ் என்றாலும் அப்பா. இடது கை. நான் தேடி வந்த ஆள் அந்த வரியில்தான் இருந்தார். அந்த வரி ஒருவருக்குத்தான் சொந்தம்.

பக்கங்களை எண்ணினேன்: ஐம்பத்தெட்டு. கடைசி ஆட்டம் ஐந்தாவது சுற்று முடிந்த இடத்தில் அறுபட்டிருந்தது. மீதி நான்கு சுற்று திருப்பதியில். அந்த ஆட்டத்தில் அதுவரை நைனா பந்து வீசி எடுத்தது, எதிரணியின் கட்டங்களில், ஏழு க. "உங்கள் தம்பியிடம் உள்ளதையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். நானும் வருகிறேன் என்றார். மண்டிக்கு லீவு சொன்னார். சீசனில் அவர் லீவு எடுப்பது அதுதான் முதல் தடவை என்று எடைமேடைக்காரர் தொலைபேசியில் கத்தியது எனக்கே கேட்டது.

வெள்ளி காலை 7.10 பேருந்து. ஜன்னல் பக்கம் அவர், நடுவில் நோட்டு இருந்த பை, இந்தப் பக்கம் நான். பாகாலாவைத் தாண்டுவதற்குள் பேருந்து நின்றுவிட்டது. முன்னால் மாங்கூழ்த் தொழிற்சாலை வாசலில் தொடங்கிய டிராக்டர் வரிசை நெடுஞ்சாலையில் பாதியை அடைத்திருந்தது. எதிரே வந்த லாரி ஒன்று அந்தப் பாதியிலும் குறுக்கே மாட்டிக்கொண்டது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, ஒரு டிராக்டரிலிருந்து மாங்காய் ஒன்றை எடுத்துக் கடித்தார். டிராக்டர்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அமெரிக்காவில் இப்படி நின்றால் எல்லோரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தனித்தனியாகக் கோபப்படுவார்கள். இங்கே பத்து நிமிடத்தில் பாதிப் பேருந்து சாலையில் நின்று பேசிக்கொண்டிருந்தது.

பின்சீட்டில் இரண்டு இளைஞர்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். "இன்னிக்கும் ஷிப்ட் போச்சு" என்றான் ஒருவன். "மாங்காய் மறிச்சதுன்னு சொல்லு" என்றான் மற்றவன். "போன வாரமே சொல்லிட்டேன். போன வாரம் அது பொய்."

தேவகி அம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டார்.

"நேத்து அந்தப் பேரைப் பாத்ததுலேர்ந்து உங்க மூஞ்சி சரியில்ல சார். எடை போடறவ நான். முள்ளு எங்க நிக்குதுன்னு தெரியும். சொல்லுங்க."

சொன்னேன். டோரதி அம்மாளின் அப்பா, பட்டப்பெயர், இடது கை, கடிதம் எல்லாவற்றையும். சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு வராது. முடித்தபோது மணி 8.35.

அவர், "எங்க நைனா சோத்துக்கைக்காரரு" என்றார். "எல்லாமே வலது கைதான்." இன்னும் கொஞ்சம் கழித்து, "இருவத்திரெண்டு வயசுல அவுரு யாருக்கு சார் நைனா? கல்யாணமே ஆவல. நான் பொறக்கவே இல்ல. எனக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனா எழுத்துல இருந்துச்சே."

வரிசையில் ஒரு டிராக்டர் நகர்ந்தது. எங்கள் பேருந்து நகரவில்லை.

"ஒண்ணு சொல்றேன். எனக்குப் பொண்ணு பாக்க வந்தாங்க. அவங்க முன்னாடியே நைனா ஆரம்பிச்சிட்டாரு: அஸ்ஸாம், கறுப்பு சோல்ஜரு, பந்து. வந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்து சிரிச்சாங்க. எனக்கு மானம் போச்சு. 'போதும் நைனா, எத்தனை நாளைக்கு இந்தப் பொய்யி'ன்னு அத்தனை பேரு முன்னாடி கேட்டுட்டேன். அதுக்கப்புறம் பதினாறு வருஷம் இருந்தாரு. பந்துன்னு ஒரு வார்த்தை பேசல. அதான் சார், சாவுற வரைக்கும் சொன்னாருன்னு நேத்து நான் சொன்னது தப்பு. சொல்லியிருக்கணும். நான்தான் நிறுத்திட்டேன்."

லாரி விலகியதும் பேருந்து புறப்பட்டது. கொஞ்ச தூரம் போனபின் அவரே திரும்பி, "அந்தக் கறுப்பு ஆளுங்களுக்கு ஓட்டல்ல எடமே தரமாட்டாங்களா?" என்று கேட்டார்.

"பல ஊர்களில் உள்ளே உட்கார விடமாட்டார்கள். பின்பக்க ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பிட வேண்டும்."

"எங்க பக்கத்துல டீக்கடையில ரெண்டு தினுசு டம்ளர் இருந்துச்சு" என்றார். "அதையும் எங்கயும் எழுதி வெக்கல."

திருப்பதியில் இறங்கும்போது மணி 10.40. முனிரத்தினத்தின் சிற்றுண்டிக் கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால், நான்கு பெஞ்சு அகலம். அறுபது வயது, நெற்றியில் நாமம், இடுப்பில் துண்டு. அக்காவைப் பார்த்ததும் கல்லிலிருந்து கரண்டியை எடுக்காமலே, "ஏமக்கா, சீசன்ல?" என்றார். நான் அமெரிக்காவிலிருந்து நோட்டைப் பார்க்க வந்தவன் என்று தேவகி அம்மாள் சொல்லி முடிப்பதற்குள் முனிரத்தினம் சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பிச்சிருச்சு. பன்னெண்டு வரைக்கும் புஸ்தகத்தைத் தொறக்க முடியாது. ஆகண்டி சார், கொஞ்சம் பொறுங்க, உக்காருங்க. காரம் தோசை துன்னுங்க."

"அது என்னா வேதமாடா?" என்றார் அக்கா.

"வடக்கத்தி ஜாதகம்க்கா. எத்தனை வாட்டி சொல்றது? நம்ம பக்கம் ஜாதகக் கட்டம் சதுரமா இருக்கும். வடக்க பாரு, கட்டத்துக்குள்ள இப்படிக் கோணமா வைரம் மாதிரி போடுவான். நைனா அஸ்ஸாம்ல கத்துக்கினு வந்தாரு. ஒன்பது வரி, நவக்கிரகம். சரஸ்வதி பூசையில வெச்சுக் கும்பிடறேன். என் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட அதைத் தொறந்து பாத்துட்டுத்தான் சரேன்னு சொன்னேன்."

"என்ன தெரிஞ்சது?" என்று கேட்டேன். எனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"ஒண்ணும் தெரியல. தடை எதுவும் தெரியலயே, அப்ப நல்லதுதான்னு எடுத்துக்கினேன்."

காரம் தோசை என்பது முறுகலான தோசையின் உட்புறம் முழுவதும் சிவப்பு மிளகாய் அரைத்துப் பூசி, மேலே பொட்டுக்கடலைப் பொடி தூவியது. இரண்டு சாப்பிட்டேன். கண்ணில் நீர் வந்ததை முனிரத்தினம் தன் சமையலுக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டார். ஒன்றேகால் மணி நேரம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மொட்டை போட்ட குடும்பங்கள் வந்து போயின. தேவகி அம்மாள் தம்பியிடம் பேஸ்பால் என்று சொல்லவே இல்லை. என்னையும் கண்ணால் நிறுத்திவிட்டார்.

12.04க்குப் பின்பாதி வந்தது. மஞ்சள் துணி, அதற்குள் பிளாஸ்டிக் உறை, ஒவ்வொரு பக்கத்தின் மேல்மூலையிலும் குங்குமப் பொட்டு. பக்கங்கள் ஐம்பத்திரண்டு. இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்தேன். அறுத்த விளிம்புகள் பொருந்தின. ஆறாவது சுற்று அங்கே தொடங்கியது. ஒல்லி, நெட்டை, ஊமை.

இனி மறைக்க முடியாது. கட்டங்கள் என்ன என்பதை முனிரத்தினத்துக்கு விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"அப்ப இது வெறும் ஆட்டமா?"

"முப்பது வருஷமா ஆட்டத்துக்குக் குங்குமம் வெச்சிருக்கடா" என்றார் அக்கா.

"வெச்சதாலதான் பூச்சி அரிக்கல" என்றார் முனிரத்தினம். அதிலும் உண்மை இருந்தது. முன்பாதியைவிட இது நல்ல நிலையில் இருந்தது.

கட்டம் கட்டமாகப் படித்துக்கொண்டு போனேன். நைனாவின் கணக்கு ஆறாவது சுற்றில் எட்டு க, ஏழாவதில் பத்து. எட்டாவது சுற்றில் எதிரணியின் மூன்றாவது ஆளுக்கான கட்டத்துக்கு வந்ததும் உருப்பெருக்கியை எடுத்தேன்.

அந்த ஒரு கட்டம் மட்டும் வேறு கை. ஜெயவேலுவின் கோடுகள் நூல் பிடித்தது போல் மெல்லியவை. இது பென்சில் முனை தாளில் பதிந்த தடித்த கோடு. கட்டத்தின் ஓரத்தில் புதிதாகப் பந்து வீச வந்தவரின் பெயரை எழுதும் இடத்தில் மூன்று பெரிய ஆங்கில எழுத்துகள்: எஸ், ஓ, என். அடுத்த கட்டத்தில் பழைய மெல்லிய கோடு திரும்பிவிட்டது. நைனாவும் திரும்பிவிட்டார்.

"நடுவில் ஓர் ஆள் மட்டும் வேறு ஒருவர் பந்து வீசியிருக்கிறார்" என்றேன். "அந்த நேரத்தில் நோட்டை எழுதியவரும் வேறு ஆள். பெயர் சன் என்று போட்டிருக்கிறது."

"சன்னா?" முனிரத்தினம் எழுந்தே விட்டார். "சூரியன். நவக்கிரகத்துல மொதல் கிரகம். நான் சொன்னேனா இல்லையா?"

"சூரியனுக்கு யூ வரும்டா. இதுல ஓ போட்டிருக்கு" என்றார் தேவகி அம்மாள். எடைச்சீட்டு எழுதுபவரின் கண். "மகன்."

அவர் உருப்பெருக்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கையுறை போடச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நெடுநேரம் பார்த்தார்.

"சார், எங்க நைனா அந்த ஆளை நைனா நைனான்னுதானே கூப்பிட்டிருப்பாரு? எழுதறவரு அப்படித்தானே எழுதியிருக்காரு. கூப்பிட்டவன் பேரை அந்த ஆளு எழுதணும்னா, என்னான்னு எழுதுவான்?"

நான் பதில் சொல்லுமுன் கைபேசியில் இருந்த கடிதத்தின் படத்தைத் திறந்தேன். டோரதி அம்மாளின் அப்பா எழுதியது. அவருடைய 'எஸ்' எழுத்தின் கீழ்வளைவு ஒரு கொக்கி போல உள்ளே திரும்பும். நோட்டில் இருந்த 'எஸ்' அதே கொக்கி. உறுதியாகச் சொல்ல நிபுணர் பார்க்க வேண்டும். என் வரையில் எனக்குச் சந்தேகமில்லை. எட்டாவது சுற்றில் பாப்ஸ் பந்தைக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டு, குமாஸ்தாவின் பென்சிலையும் நோட்டையும் வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்.

இதைச் சொன்னபோது தேவகி அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தார். முனிரத்தினம் அடுப்பைச் சின்னதாக்கினார்.

எங்கள் பட்டியல் படிவத்தை எடுத்தேன். ஆட்டக்காரர் பெயர், ஆடும் இடம், செய்தது என்று வரிசையாகக் கட்டங்கள் உண்டு. கடைசிக் கட்டம்: 'விதிப்படி செல்லுமா?' அங்கே என் பேனா நின்றது. பேஸ்பாலில் வெளியே போன ஆட்டக்காரர் அதே ஆட்டத்தில் திரும்பி வர முடியாது. பாப்ஸ் திரும்பி வந்திருக்கிறார். குமாஸ்தாவோ எந்த அணியிலும் பெயர் இல்லாதவர். விதியைப் பார்த்தால் நோட்டில் உள்ள அந்தக் கட்டம் செல்லாது.

"என்னா யோசிக்கிறீங்க?" என்றார் தேவகி அம்மாள்.

உள்ளதைச் சொன்னேன்.

"செல்லாதா?"

சரியாகப் பதிவாகவில்லை, விதிப்படி இல்லை, சேர்க்க முடியாது என்ற வாக்கியத்தை நான் அருங்காட்சியகத்தில் எத்தனையோ பழைய கடிதங்களில் படித்திருக்கிறேன். கறுப்பர்களின் ஆட்டங்களுக்கு அதைத்தான் எழுதினார்கள். அதே வாக்கியத்தை என் கையெழுத்தில் எழுத இவ்வளவு தூரம் வரவில்லை. அதே சமயம், இல்லாததையும் எழுத முடியாது. கடைசிக் கட்டத்தின் மேல் அளவுகோலை வைத்து ஒரு கோடு இழுத்து அதை நீக்கினேன். மேலே எழுதினேன்: பந்து வீசியவர், ஜெயவேலு, கிடங்குக் குமாஸ்தா. பாப்ஸ் கைப்பட எழுதியது. அதற்குக் கீழ்வரியில், பாப்ஸ், இடது கை, இந்த ஆட்டத்தில் பன்னிரண்டு க. தொடர் ஆட்டம் இல்லை என்பதால் அதிகாரப்பூர்வக் கணக்கில் அந்த எண் சேராது. டோரதி அம்மாளுக்குச் சேரும்; மற்ற ஆட்டங்களின் க இன்னும் எண்ண வேண்டியிருந்தது. அமெரிக்காவில் அப்போது விடியவில்லை. அனுப்புவதற்கு எழுதி மட்டும் வைத்தேன்.

முனிரத்தினம் என் தோள் மேல் எட்டிப் பார்த்தார். "எங்க நைனாவுக்கு எத்தனை க சார்?"

கட்டத்தில் இருந்தது நான்கு சிறு புள்ளிகள். வரிசையாக, ஒரே பக்கமாக. பந்து எட்ட வேண்டிய இடத்துக்கு வெளியே போனால் ஒரு புள்ளி. நான்கு புள்ளி விழுந்தால் மட்டையாளர் அடிக்காமலே முதல் மூலைக்கு நடந்து போகலாம்.

"க எதுவும் இல்லை. மொத்தம் நான்கு பந்து போட்டிருக்கிறார். நான்கும் வெளியே. அதோடு பாப்ஸ் பந்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்."

முனிரத்தினம்தான் முதலில் சிரித்தார். "நாலுமா? அக்கா, நாலுமே வெளிய போட்டிருக்காரு. அதான் டீக்கடையில எத்தனை பந்துன்னு கேட்டா வாயே தொறக்கல."

தேவகி அம்மாள் சிரிக்கவில்லை. முந்தானையால் உருப்பெருக்கியைத் துடைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு படிவத்தில் அப்பாவின் பெயர் இருந்த வரியை, மை காய்ந்துவிட்டதா என்று பார்த்து, விரலால் தொட்டார்.

"பந்து போட்டேன்னுதாண்டா சொன்னாரு" என்றார் தம்பியிடம். "நல்லா போட்டேன்னு ஒரு நாளும் சொல்லலையே."